தட்டிக் கேட்டல்

சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை பேர்சி அண்ணை ஒருநாளும் இறுக்கி மூடமாட்டார். ஒரு மூலையைத் தூக்கிவிட்டு, பைக்குள் நிமிர்த்தி வைத்து, பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் ஏந்திக்கொண்டு சுவிஸின் ஆராவிலிருந்து ஓல்டன் வரை ரயிலில் வருவார். ரயில் வளைவில் சாயும்போது அவர் எதிர்ப்பக்கம் சாய்வார். அப்படியும் மீன்குழம்பு சிந்தும், காற்சட்டை நனையும். எதிர் இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறிடம் பார்த்து எழுந்து போவார். "இறுக்கி மூடினால் என்னண்ணை?" என்று நான் கேட்காத கிழமை இல்லை. "காத்துப் போகவேணும், தங்கச்சி. இல்லாட்டிப் புழுங்கிப் போகும்" என்பார். அவருடைய மனைவி அஞ்சலா அக்கா நாலு பக்கமும் கொளுக்கி வைத்த பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். அண்ணை இரண்டு கொளுக்கியை உடைத்துவிட்டுத்தான் அதைப் பாவிக்கத் தொடங்கினார்.

ஓல்டனுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு சரக்குக் கிடங்கில் அவர் ஸ்டாப்லர் ஓட்டுகிறார். பாரந்தூக்கும் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். நான் அதே நிறுவனத்தின் ஆளணிப் பிரிவில் இருக்கிறேன். அண்ணை மன்னார்க்காரர், வயது ஐம்பத்தெட்டு, மீசைக்கு மட்டும் கறுப்பு மை பூசுவார். தலைமுடியை ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டால் "தொப்பி போடுறன்தானே" என்பார். வந்திறங்கும் கொள்கலன்களைத் திறக்கும் வேலை மற்றவர்களுக்குப் பிடிக்காது. அடைபட்ட நாற்றம் முகத்தில் அடிக்கும். அண்ணை தானே கேட்டு வாங்கிச் செய்வார். கதவைத் திறந்ததும் உள்ளே போகமாட்டார். இருட்டைப் பார்த்து, "குருயெற்சி" என்று மரியாதையாக வணக்கம் சொல்வார். உள்ளே இருப்பது தோசைக்கல்லோ தோட்டக் கதிரையோ, வணக்கம் உண்டு. கூட வேலைசெய்யும் அல்பேனியப் பொடியன்களுக்கு அது நல்ல பகிடி.

"ஒண்டும் பிரச்சினை வராதே?" என்பது அவருடைய வாயிலிருந்து அதிகம் வரும் வசனம். லீவு கேட்கும்போதும் வரும், நிறுவனம் இனாமாகக் கொடுத்த நத்தார்ப் பரிசைக் கையில் வாங்கும்போதும் வரும். சுவிஸ் பிரசையாகிப் பல வருடமாகியும், தக்காளி வாங்கப் போனால்கூடச் சிவப்புப் பாஸ்போட்டை உட்பையில் வைத்துக்கொண்டுதான் போவார். தக்காளிக்கு யாரும் பாஸ்போட் கேட்பதில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் சிரித்துவிட்டுக் கொண்டுபோவார். அவரைப் பற்றி எழுதட்டுமா என்று நான் கேட்டபோதும் அதே கேள்விதான் வந்தது. இரண்டு நாள் கழித்து, "ஊர் பேர் ஒண்டும் போடாமல் எழுது" என்றார். அதனால் நிறுவனத்தின் பெயரும், இனி வரப்போகும் துறைமுகத்தின் பெயரும் இங்கே இல்லை; ஆட்களின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் மாற்றியவை.

இப்படிப்பட்ட மனிதர்தான் எங்கள் ஓய்வூதிய நிதியின் சபையில் தொழிலாளர் பிரதிநிதி. பென்சன்ஸ்காசே என்பது அந்த நிதியின் ஜெர்மன் பெயர். அண்ணை அதைப் "பென்சன் காசு" என்பார், அர்த்தமும் பிழையில்லை. தேர்தலில் வேறு யாரும் நிற்காததால் இவர் நின்றார், இவர் நின்றதால் வென்றார். ஆரோடும் சண்டைக்குப் போகாத மனிதர் என்று நிர்வாகத்துக்கும் திருப்தி. வாக்கெடுப்பில் மற்றக் கைகள் எந்தப் பக்கம் எழுகின்றன என்று பார்த்த பிறகுதான் இவருடைய கை எழும். சபையில் குறிப்பெடுப்பது என் வேலை. இரண்டு வருடக் குறிப்பில் அவர் வாய் திறந்ததாக நான் எழுதியது ஒரே இடத்தில்தான், ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டது.

சென்ற மாசியில் அடுத்த கூட்டத்துக்கான ஆவணக் கட்டு வந்தது. எங்கள் நிதியின் சிறு பங்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தில் இருக்கிறது. துறைமுகம் பெருக்கிறது. இரண்டாவது இறங்குதுறை முடியப்போகிறது, லொறிகளோ வாசலுக்கு வெளியே நாள்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. கப்பலேறும் ஒவ்வொரு கொள்கலன் பெட்டியும் இப்போது ஊடுகதிர் ஸ்கானருக்குள் போய் வருகிறது. சந்தேகமான பெட்டிகளை மட்டும் ஸ்கான் செய்தால் போதும், மற்றவை நேரே போகட்டும் என்று முதலீட்டாளர்களில் ஒரு பகுதி. கூடாது, கள்ளச் சரக்கு பெருகும் என்று மறு பகுதி. எங்கள் சபை எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கவேண்டும்.

ஜெர்மன் கட்டு என்றால் அண்ணைக்கு நான்தான் ரயிலில் சுருக்கிச் சொல்வேன். அன்றும் சொல்லிக்கொண்டு வந்தேன். நிறுத்தப்போகும் வேலைகளில் இன்னொன்றும் இருந்தது. ஸ்கானருக்குப் போகுமுன் ஒரு ஆள் பெட்டியைச் சுற்றி நடந்து, பக்கங்களில் தட்டி, உள்ளே யாரும் ஒளிந்திருக்கிறார்களா என்று நின்று கேட்பாராம். அதற்கு ஜெர்மனில் ஒரு முழ நீளத்துக்குச் சொல் இருந்தது. நான் "தட்டிக் கேட்டல்" என்று சொன்னேன்.

"அதையும் நிப்பாட்டப் போகினமோ?"

"ஓம். ஒரு பெட்டிக்கு நாலைஞ்சு நிமிசம் போகுதாம்."

அண்ணையின் மடியிலிருந்த பை சரிந்து குழம்பு சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

"நான் உப்பிடி ஒரு பெட்டிக்குள்ளை இருந்தனான், தங்கச்சி."

கிடங்கில் ஏதோ நடந்ததைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூற்றேழிலை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் எங்களை ஆப்பிரிக்காவிலை கொண்டுபோய் மாதக்கணக்கா வைச்சிருந்தவன். உந்தத் துறைமுகம் இல்லை, உந்தக் கரையிலை வேறை ஒண்டு. பிறகு ஒருநாள் முந்திரிக்கொட்டை மூட்டையளோடை ஒரு கொன்ரெய்னருக்குள்ளை எங்களை ஏத்திப் பூட்டினான். கப்பல் வரேல்லை. பெட்டி வெயிலுக்கை நிண்டது. நாலு பேர் ஏறினது, மூண்டு பேர் இறங்கினது."

"மற்றவர்?"

"அருட்செல்வன்" என்றார். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு காலமும் அந்த மூடியைப் பற்றிப் பகிடி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். சரிந்த பையை நிமிர்த்தி வைத்தேன்.

ஓல்டனில் இறங்கி நடக்கும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். வேறு ஒருவருடைய பாஸ்போட்டில் பிறகு விமானமேறி இங்கே வந்திருக்கிறார். "இஞ்சை அகதியா அசூல் அடிக்கேக்கை கொழும்பிலையிருந்து நேரை வந்தனெண்டு சொன்னனான். ஏஜென்சிக்காரன் அப்பிடித்தான் சொல்லித் தந்தவன். கேட்டவங்களும் நம்பினவங்கள். அதுக்கு மேலைதான் விசா, பாஸ்போட், லேயாவின்ரை பாஸ்போட், எல்லாம்." லேயா அவருடைய மகள், ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். "இப்ப நான் கூட்டத்திலை இதைச் சொன்னால் நீ எழுதுவியோ?"

"எழுதத்தானே வேணும், அண்ணை. அது என்ரை வேலை."

"ஆர் ஆர் வாசிப்பினம்?"

"சபைக்காரர். கணக்குப் பார்க்கிறவை."

"பேர்ண்?"

"பேர்ண் ஏன் இதை வாசிக்குது?"

"பேர்ண் எல்லாம் வாசிக்கும்" என்றார். தலைநகரத்தைப் பற்றிப் பேசும்போது அவருக்கு எப்போதும் குரல் இறங்கும், பக்கத்து மேசையில் பேர்ண் இருந்து காது கொடுப்பதுபோல.

சட்டம் படித்த சிநேகிதி ஒருத்தியிடம் ஆளைச் சொல்லாமல் விசாரித்தேன். பிரசாவுரிமையைப் பறிக்கும் காலமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது, பயப்படத் தேவையில்லை என்றாள். நல்ல செய்தியென்று ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணை பொறுமையாகக் கேட்டார். "சட்டம் உனக்குத் தெரியும், தங்கச்சி. பேர்ணை எனக்குத் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

அன்று மாலை அஞ்சலா அக்கா தொலைபேசி எடுத்தார். ஆராவில் முதியோர் இல்லத்தில் வேலை, யாரோடும் உரத்துப் பேசாத பெண். "சரணியா, அந்த மனிசன் ராவிலை எழும்பி எழும்பி இருக்குது. கதைக்கப்போறன் எண்டுது, பிறகு இல்லை எண்டுது. நீர் சொல்லும், வாயை மூடிக்கொண்டு இருக்கச்சொல்லி. பிள்ளையின்ரை பாஸ்போட்டிலை கைவைச்சால் நான் எங்கை போறது?" அப்படி ஒன்றும் நடக்காது என்றேன். "நடக்காதெண்டு சொன்னதெல்லாம் எங்களுக்கு நடந்ததுதானே" என்றார். அக்காவின் பயத்தில் கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் அண்ணை வாயைத் திறக்காமலிருந்தால் நல்லது என்று நானும் நினைக்கத் தொடங்கினேன். அப்படி நினைப்பது வெட்கமாகவும் இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க அண்ணை சாப்பாட்டைத் தொடவில்லை. கொண்டுவந்த சோறு அப்படியே திரும்பிப் போனது. கொள்கலன்களைத் திறந்தார், ஆனால் வணக்கம் சொல்லவில்லை. அல்பேனியப் பொடியன் ஒருவன், "சுகமில்லையா?" என்று என்னிடம் வந்து கேட்டான். அண்ணையோ என்னைக் காணும்போதெல்லாம் வெவ்வேறு முடிவோடு வந்தார். "பேசாமல் கையைத் தூக்கிப்போட்டு வருவம்" என்பார் காலையில். மாலையில், "உதை நிப்பாட்டினால் ஆர் போய்க் கேக்கப்போறான்?" என்பார்.

கூட்டம் மேல்மாடியில். ஜன்னலுக்குக் கீழே ரயில் தண்டவாளங்கள், மேசையில் கோப்பியும் கிப்ஃபெலி பணிசும். சூரிச்சிலிருந்து முதலீட்டு ஆலோசகர் வந்திருந்தார். இளம் பெண், மரியாதையானவர், எல்லோருடைய பெயரையும் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார். பேர்சி என்பதைக்கூடச் சரியாகச் சொன்னார். துறைமுகப் பாரந்தூக்கிகளின் படங்களைக் காட்டினார். நெரிசல் குறைந்தால் கப்பல் கூடும், கப்பல் கூடினால் வருமானம் கூடும், அது இந்தக் கிடங்கில் முதுகு முறிய வேலை செய்கிறவர்களின் ஓய்வூதியம்தானே என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சென்ற வருடம் நிதிக்குக் கிடைத்த வட்டியைப் பார்த்து அண்ணையும்தான் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

பேசி முடித்ததும் எல்லோரும் விரல்முட்டியால் மேசையில் தட்டினார்கள். இங்கே கூட்டங்களில் கைதட்டுவதில்லை, மேசையில் தட்டுவதுதான் பாராட்டு. அந்தச் சத்தம் எழுந்தபோது அண்ணை இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு விவாதம் நடந்தது. நிதிப் பொறுப்பாளர் மாற்றம் வேண்டும் என்றார். தொழிற்சங்கக்காரரான கிழவர் கூடாது என்றார். போதைப்பொருள் வரும், ஆயுதம் வரும், நாளைக்குப் பத்திரிகையில் நம் பெயர் வரும் என்று மேசையைக் குத்தினார். ஸ்கானருக்கு என்ன செலவு, காப்புறுதி என்ன சொல்லும், போட்டித் துறைமுகத்தில் எப்படி என்று பேச்சு நீண்டது. இரண்டு பக்கமும் சரக்கைப் பற்றித்தான் பேசியது. தட்டிக் கேட்கும் ஆளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அது கட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகக் கிடந்தது.

"வேறு யாராவது?" என்றார் தலைவர், பேனையை மூடிக்கொண்டே.

அண்ணையின் முகம் வியர்த்திருந்தது. உட்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். வேண்டாம் அண்ணை என்று மனதுக்குள் சொன்னேன்.

"நான்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவருடைய ஜெர்மன் கிடங்கில் கற்றது, ஆட்களைப் பற்றிச் சொல்ல அதில் சொற்கள் குறைவு. "நான் இருந்தேன். இப்படி ஒரு பெட்டி. உள்ளே" என்றார். என் பேனை நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். "எழுது, தங்கச்சி" என்றார் தமிழில். எழுதினேன்.

"கப்பலிலா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை. துறைமுகத்தில். கப்பல் வரவில்லை. வெயில். நாலு பேர். முதலில் கத்தினோம். பிறகு தொண்டை இல்லை." தொழிற்சங்கக் கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். அண்ணை அவரைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "ஒரு நண்பன் செத்துப்போனான். என் பக்கத்தில். நான் இங்கே வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. பயம்."

சூரிச் பெண் தன் கணினியை மெல்ல மூடினார். "நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள், பேர்சி?" என்று கேட்டார். உண்மையில் அறிய விரும்பித்தான் கேட்டார்.

"ஒரு ஆள் வந்தான்" என்றார் அண்ணை. "அவனுடைய வேலை..." கட்டில் இருந்த அந்த நீளமான சொல்லைத் தேடினார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முன்னால் இருந்த கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். விரல்முட்டியால் மேசையில் இரண்டு தரம் தட்டினார். பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து மறுகோடியில் ஒருவர் பாராட்டாகத் தானும் தட்டத் தொடங்கி, பாதியில் கையை நிறுத்திக்கொண்டார். பேர்சி அண்ணை குனிந்து, மேசையில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.