வழியனுப்பி அக்காவின் படிவம்

அவளுக்கு வழியனுப்பி அக்கா என்று பெயர் வைத்தது நான்தான். இணையதளங்களுக்குப் படிவம் செய்வது அவள் வேலை. படிவத்தை நிரப்பி அனுப்பியவரை அங்கேயே நிற்க விடமாட்டாள். ‘பதிவாகிவிட்டது’ என்று சொல்லும் வேறொரு பக்கத்துக்கு உடனே அனுப்பிவைப்பாள். அங்கேயே விட்டால், பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் படிவம் மறுபடி போய்ச் சேரும். ‘மறுபடி அனுப்பவா?’ என்று திரை கேட்கத்தான் செய்யும். அதை எவன் படிக்கிறான்? ஆமாம் என்று தட்டிவிட்டுப் போவார்கள்.

சிறுநீரக சிகிச்சை மையம் ஒன்றுக்கு முன்பதிவுப் படிவம் செய்தபோது, மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“எதுக்கும்மா ஆளை அங்கயும் இங்கயும் அலைய விடற? அதே பக்கத்துல நன்றின்னு போட்டா போதும்.”

“ரெண்டு ரெண்டா பதிவாகும் சார்.”

“நான் சொல்றேன்ல. எடு.”

எடுத்தாள். முதல் நாளே, பதிவானதா இல்லையா என்று சந்தேகப்பட்டவர்கள் புதுப்பித்துப் புதுப்பித்து ஆளுக்கு ஐந்தாறு இடம் பிடித்துவிட்டார்கள். பதினோரு மணிக்குள் அந்த வாரமே நிறைந்துவிட்டது. மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த ஒரு பெரியவரை, வீங்கின காலோடு வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உள்ளே கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

“அவங்க கவனக்குறைவு” என்று கூட்டத்தில் அக்காவைக் காட்டிக் கை கழுவினார் மேலாளர். அக்கா அந்தப் பெரியவர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். அவள் கோப்பில் ‘கவனக்குறைவு’ ஏறியது. கைக்கு எட்டிய குழுத்தலைவர் பதவி வாய்க்கு எட்டாமல் போனது. மேலாளர் எடுக்கச் சொன்னதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து நானும் கேட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேலை போனால் என்ன செய்வது என்று வாயைத் திறக்கவில்லை. அந்த ஆளை மட்டும் தினமும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அக்கா திட்டவில்லை. நிறுவன இயக்குநர்களிடம் அனுமதி வாங்கி ஒரு படிவம் செய்தாள். இனி யாரும் வாயால் மாற்றம் சொல்லக்கூடாது, இதில் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினால் நேராக இயக்குநர்களுக்கும் போகும். கடைசிக் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், பதில் எழுதாமல் தப்பிக்க முடியாது: ‘இதே மாற்றம் முன்பு எங்கே செய்யப்பட்டது? யார் சொல்லி?’

பதினான்கு மாதம் காத்திருந்தாள். அந்த ஆளுக்கோ, மாற்றத்தில் தப்பில்லை, அவள் கவனக்குறைவுதான் காரணம் என்ற தன் பொய்யே சொல்லிச் சொல்லி நிஜமாகிவிட்டது. ஒரு பள்ளியின் சேர்க்கைப் படிவத்துக்கும் அதே மாற்றம் கேட்டு வந்தார்.

“எழுதி அனுப்பிடுங்க சார்” என்றாள், தேன் ஒழுக.

அவசரத்தில் தட்டினார்: ‘சிகிச்சை மையம். நான் சொல்லி.’ அனுப்பினார். அக்கா தன் வாழ்நாளில் யாரும் சொல்லாமல் தானாகவே வேறொரு பக்கத்துக்கு வழியனுப்பாமல் விட்ட ஒரே படிவம் அதுதான். அங்கேயே ஒரு நன்றியோடு நின்றது திரை. போனதா என்று புதுப்பித்தார். ‘மறுபடி அனுப்பவா?’ ஆமாம். மறுபடி புதுப்பித்தார். ஆமாம். ஏழு தடவை.

மறுநாள் கூட்டத்தில் ஏழு தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தார் இயக்குநர். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது. அன்று மாலையே அந்தப் பெரியவர் முன்னால் மேலாளர் போய் நின்றார். அக்காவின் கோப்பிலிருந்து அந்தச் சொல் போனது, பதவி வந்தது.

“கலக்கிட்டக்கா” என்றேன். “அந்த ஆளுக்கு இது வேணும்.”

“வேணும்தான்” என்றாள், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் காலை என் திரையில் ஒரு படிவம் திறந்திருந்தது. ஒரே கேள்வி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்: ‘அன்று அவர் எடுக்கச் சொன்னது உன் காதில் விழுந்ததா?’

அக்கா தன் நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, ஆமாம் என்று அனுப்பினேன். என்னை ஒழுங்காக வேறு பக்கத்துக்கு அனுப்பிவைத்தாள். ‘பதிவாகிவிட்டது’ என்றது அது. எத்தனை தடவை புதுப்பித்தாலும் அதையேதான் சொன்னது.