கொசுறாகப் போன கோல் கீப்பர்

என் அக்கா கோரினின் கணவர் மெர்வ் ஒலெக்சுக் ஒன்பது வருடமாக எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் இரண்டாவது கோல் கீப்பர். முதல் கீப்பருக்கு அடிபட்டால்தான் ஆட்டம். மற்ற நாளெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, இளைப்பாற வரும் ஆட்டக்காரர்களுக்குத் தடுப்புக் கதவைத் திறந்துவிடுவார். உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் வாட்ச்மேன் என்று கிண்டல் செய்வேன். மனுஷர் சிரிப்பார். அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்தக் கோடையில் தெற்கே ஒரு பாலைவன ஊரிலிருந்து லீகில் புது அணி சேர்ந்தது. அப்படிச் சேரும்போது, பழைய அணிகள் ஆளுக்குச் சிலரை மட்டும் 'தொடாதே' என்று பூட்டி வைத்துக்கொள்ளலாம். மிஞ்சியவர்களில் அணிக்கு ஒருவரைப் புது அணி எடுத்துக்கொள்ளும். கோல் கீப்பரில் ஒருவரைத்தான் பூட்ட முடியும். மெர்வைப் பூட்டவில்லை.

அக்கம்பக்கத்தார், சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் முட்டை சாண்ட்விச் கொண்டுவந்தார்கள்.

"நான் இன்னும் சாகலப்பா," என்று இரண்டை எடுத்துக்கொண்டார் மெர்வ். அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார்: "அவங்க என்னை எடுத்தா நல்லாருக்கும் மச்சான். முப்பத்தஞ்சாச்சு. ஒரு ஊர்லயாவது நான் முதல் ஆளா நிக்கணும்."

அவர் எதையாவது வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை.

எடுத்தார்கள். அக்கா பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பொரித்தாள், நான் பீர் உடைத்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் அணி மேலாளர் வாழ்த்துச் சொல்லப் போன் செய்து, வாய் தவறி உளறிவிட்டார். பூட்ட முடியாமல் போன ஒரு இளம் ஆட்டக்காரனைத் தொடாமல் விட்டால், அடுத்த வருடம் லீகுக்கு வரும் புதுப் பையன்களில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் தங்கள் உரிமையையும் சேர்த்துத் தருவதாகப் புது அணியோடு பேசி முடித்திருக்கிறார்கள். அவனுக்குப் பதிலாகப் போனவர்தான் மெர்வ்.

"அவங்க வாங்கினது அந்த உரிமையத்தான். நான் கொசுறு," என்றார் மெர்வ். பெரோகி ஆறிப்போனது.

அக்டோபரில் முதல் ஆட்டம். மெர்வ்தான் கீப்பர். நாங்கள் டிவி முன்னால். தேசியகீதம் முடிந்ததும் மெர்வ் நேராகப் போய்ப் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து கதவில் கை வைத்தார். பழக்க தோஷம்! கோல் காலியாகக் கிடக்கிறது, நடுவர் முறைக்கிறார்.

"அங்க போய்யா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள் அக்கா.

அவர் பதறி எழுந்து ஓட, பதினெட்டாயிரம் பேர் எழுந்து கைதட்டினார்கள். ஹாக்கியே பார்த்திராத ஜனம். இதுவும் ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பக் என்கிற ரப்பர் வட்டு அவர் மேல் தானாக வந்து மோதினாலும் கைதட்டல்தான். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அதற்கும் தட்டினார்கள்.

ஆட்டம் முடிந்து போன் செய்தார்.

"எங்க புது மேலாளரம்மா டக்வொர்த் வந்தாங்க மச்சான். 'கொசுறுக்கு இவ்வளவு கைதட்டல் அதிகம்'னு சொன்னேன். சிரிச்சாங்க. 'உங்க பழைய ஆளுங்களுக்கு அந்த இளம் ஆட்டக்காரன நாங்க கேக்கப்போறோம்னு ஒரே பயம். எங்களுக்கு முதல்லேர்ந்து நீங்கதான் வேணும். கூட அந்த உரிமையும் தர்றோம்னாங்க, வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டோம். கொசுறு அதுதான்'னாங்க. நான் அழுதுட்டேன்டா."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அக்கா போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

"தோத்துட்டு அழறவங்கள நிறையப் பாத்திருக்கேன் மாமா," என்றேன். "மூக்கைத் துடைச்சுக்கிட்டுப் போய்ச் சாப்பிடுங்க."