வளராத தாடி

லாரியை முடுக்குவதற்கு முன் ஹேமநாதன் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்து, உள்ளங்கையால் கன்னத்தைக் கீழிருந்து மேலாகத் தேய்ப்பான். சொரசொரவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டால்தான் வண்டி நகரும். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

சிம்பாங் ரெங்கம் தோட்டங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றுகிறவன். வாயில் எந்நேரமும் கிராம்பு. தைப்பூசக் காவடிக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் விரதம் முடியும்வரை சவரக்கத்தி முகத்தில் படாது. பிள்ளைகள் ‘கரடி மாமா’ என்று கூப்பிடுகிற அளவுக்குத் தாடி மண்டும்.

போன வருஷ விரதத்தில் அந்தத் தாடி வரவில்லை. கன்னம் பச்சைப் பிள்ளையின் கன்னம் போல வழவழவென்று கிடந்தது. திருட்டுத்தனமாகச் சவரம் செய்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. கோயில் தலைவர் சதாசிவம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“கண்ணாடி முன்னுக்கு நிக்கிறவனுக்குக் காவடி எதுக்கு லா?”

“சவரம் பண்ணலண்ணே. வளரல.”

யார் நம்புவார்கள்? நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். காவடி இல்லை என்றாகிவிட்டது. நம்பியவள் மனைவி பிரேமலா ஒருத்திதான். சவரக்கத்தி துருப்பிடித்துக் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். தலைவலி, அசதி என்று தைலத்தைத் தடவிக்கொண்டே இருந்தவன், ஒருநாள் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான்.

“என்னங்க, எத்தன கோப்ப தெரியுது?”

“ரெண்டு.”

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ஸ்கேன் பார்த்தவர்கள் மூளைக்கு அடியில், பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி என்றார்கள். மூக்கு வழியாகவே கருவியை விட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கட்டியே இல்லை. மூக்குக்குப் பின்னால், மண்டை நடுவில், ஓர் எலும்பறை இருக்கிறதாம். அதன் வாசல் அடைபட்டு, சளி கெட்டியாகி, பையாக உப்பி, மேலே இருக்கிற சுரப்பியை நசுக்கியிருக்கிறது. சுரப்பியோ பட்டாணி அளவு. அந்தப் பட்டாணி உத்தரவு போட்டால்தான் ஆம்பிளைக்குத் தாடி! ஆறடி மனுசனை ஆட்டிவைப்பது அதுதான் என்றால், இதை என்னவென்று சொல்வது? சளியை வடித்தார்கள், பார்வை ஒன்றானது. தாடிக்கு மட்டும் டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. சுரப்பி தேறினால் வரும் என்றார்.

இந்த வருஷம் விரதம் தொடங்கிய காலையில், ஆபரேஷன் கதை காதில் விழுந்திருந்த சதாசிவம் லாரிப் பக்கம் வந்து நின்றார். “தம்பி, காவடி...” என்று இழுத்தார்.

 ஹேமநாதன் அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் கீழிருந்து மேலாகத் தேய்த்தான். சொரசொரத்தது. பிறகு அந்த விரல்களை மெல்ல, வாசல் அடைபட்டுக் கிடந்த அறைக்கு நேராக, மூக்குத்தண்டின் மேல் கொண்டுபோய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டான்.