கான்டெஸாவுக்கு எந்த ஆயில்?

பெண்ணாடம் ரோட்டில் டிராக்டர் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் நடராசன் பட்டறைக்கு வழி சொல்லிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் டிராக்டரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. ஆயிலை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாலே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனுஷன். கை சுத்தம், மூக்கு சுத்தம், வாய்தான் வில்லங்கம்.

அந்த வாய் 2003இல் ஒரு வேலை பார்த்தது. தங்கை கனகாவின் மகள் காவியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, தங்கை புருஷன் திலீபனைப் பார்த்து, "பொம்மை சுட்டு வித்து எத்தனை நாளைக்குங்க மாப்ள கஞ்சி குடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். திலீபன் அப்போதுதான் செராமிக் பேட்டையில் சொந்தமாகப் பீங்கான் பொம்மைச் சூளை போட்டிருந்தார். கூடியிருந்த சனம் சிரித்தது. அன்றைக்கு எழுந்து போனவர் மச்சான் வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை. கனகாவும் வருவதை நிறுத்திவிட்டாள்.

நடராசனுக்கு மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், தங்கச்சி குடும்பம் என் வாசலுக்கு வரணும் என்று தாளில் எழுதி, ஊர் வழக்கப்படி சாமியிடம் பிராது கட்டிவிட்டு வந்தார். அது தை மாசம்.

சித்திரையில் ஒரு காலை திலீபன் வந்தே விட்டார், ஒரு சிவப்புக் கான்டெஸாவோடு. பழைய கார்தான். ஆனால் கோயமுத்தூரில் எஞ்சினைப் பிரித்து ரேஸுக்கென்றே மறுபடி கட்டியது. ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் பந்தயத்தில் ஓட்டப்போகிறாராம். எஞ்சின், கியர் பாக்ஸ், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கிரவுன், மூன்றுக்கும் ஆயில் மாற்ற வேண்டுமாம். நீங்களே பார்த்து ஊற்றுங்கள் என்று எங்கேயோ பார்த்தபடி சாவியை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

நடராசனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாமி பிராதை எடுத்துக்கொண்டது சரி, அதற்காக ரேஸ் காரையா அனுப்புவது? இதில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால் தங்கை உறவு அத்தோடு போச்சு.

வண்டிக்கு அடியில் படுத்து கியர் பாக்ஸ் போல்ட்டைக் கழற்றியதுமே குழப்பம் ஆரம்பித்தது. விழுந்த ஆயில் தேன் மாதிரி இருந்தது. தொட்டார், மோந்தார், கருகல் வாடையே இல்லை. கிரவுனிலும் அப்படித்தான். எஞ்சின் ஆயில்கூட லேசாகத்தான் நிறம் மாறியிருந்தது. எதற்கு மாற்றச் சொன்னார் என்று நாக்கு நுனிவரை வந்த கேள்வியை, பழையபடி பேசிக் கெடுத்துவிடாதே என்று விழுங்கிக்கொண்டார். மூன்றையும் ஒரே தகர டின்னில் வடியவிட்டார்.

பாலக்கரையில் ஆதிலட்சுமியின் ஆயில் கடை. எஞ்சினுக்கே ஏழெட்டு டப்பாவை எடுத்துப் பரப்பினார் அந்த அம்மாள். ஒன்றில் ஐந்து-நாற்பது, ஒன்றில் இருபது-ஐம்பது. முதல் நம்பர் குளிரில் ஆயிலின் கெட்டி, அடுத்தது சூட்டில் என்றார். சித்திரை வெயிலில் விரட்டப்போகிற வண்டி, கெட்டியாகவே இருக்கட்டும் என்று இருபது-ஐம்பதை எடுத்தார் நடராசன். கியர் ஆயிலில்தான் தலை சுற்றியது. இரண்டு டப்பாவிலும் எண்பது-தொண்ணூறு. ஒன்றில் ஜி.எல். நாலு, மற்றதில் ஜி.எல். அஞ்சு. டிராக்டரில் கியர் பாக்ஸும் பின் அச்சும் ஒரே தொட்டி, ஒரே ஆயில். இதென்ன புதுக் கூத்து? நாலைவிட அஞ்சு பெரிசு, மாப்பிள்ளை வண்டிக்கு மட்டமானதையா ஊற்றுவது? அஞ்சையே வாங்கி வந்து இரண்டிலும் ஊற்றினார். கண்ணாடியைக்கூடத் துடைத்து வைத்தார்.

நாலு மணிக்கு ஆதிலட்சுமி போன் செய்தார். கம்பெனித் தாளை அப்போதுதான் படித்தாராம். அஞ்சு கிரவுனுக்குத்தானாம். கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையம் இருந்தால் நாலுதான் ஊற்ற வேண்டுமாம், அஞ்சில் கலந்திருக்கிற மருந்து பித்தளையை அரித்துவிடுமாம். கான்டெஸாவுக்குள் இருப்பது பித்தளையா, இரும்பா? நடராசனுக்குச் சத்தியமாகத் தெரியாது. ஓடிப்போய் நாலை வாங்கி வரலாம் என்று செருப்பைத் தேடும்போதே திலீபன் வந்து நின்றார். பின்னால் கனகாவும் காவியாவும்.

சொல்லாமல் விட்டால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் நடுவில் கியர் விழாமல் நின்றால், மறுபடியும் மாப்பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிக்கும். நடராசன் திலீபன் முன்னால் போய் நின்றார்.

"மாப்ள, தப்புப் பண்ணிட்டேங்க," என்றார். "கியர் பாக்ஸுல வேற ஆயில ஊத்திட்டேன். தெரியாம பண்ணிட்டேன். அன்னிக்குப் பேசுனதும் தப்புதாங்க."

திலீபன் தகர டின்னை எட்டிப் பார்த்தார்.

"போன வாரந்தான் மச்சான் கோயமுத்தூர்ல மூணையும் புதுசா ஊத்துனேன்," என்றார். "உங்க வூட்டுக்கு வர எனக்கு வேற வழி தெரியல. தொட்டு மோந்து பாத்ததும் எதுக்குடா மாத்தணும்னு என்னைத் திட்டுவீங்க, அப்படியே பேச்சு வந்துடும்னு இவதான் சொன்னா."

கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று நடராசனுக்குப் புரியவில்லை. தனக்கு என்ன வருகிறது என்றும் புரியவில்லை. ஆயுசில் ஒருநாள் வாயை அடக்கி வேலை பார்த்திருக்கிறார், அன்றைக்குப் பார்த்து அந்த வாயைத் தேடி ஆள் வந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"நல்ல ஆயில எவனாவது மாத்தச் சொல்லுவானா மாப்ள? அறிவு இருக்குதா உங்களுக்கு?"

திலீபன் சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்பேனரைத் தேடினார்.