பெரியப்பாவின் சாம்பிராணி

இன்று பெரியம்மாவுக்குப் பை தூக்கத் தமிழ்க் கடைக்குப் போனேன்.

பெரியம்மா தேங்காய்களைத் தட்டித் தட்டி எடுத்தார்.

"என்னக்கா, வீட்டில விசேஷமோ?" என்றார் கடைக்கார அண்ணை.

"நேர்த்திக்கடன் தம்பி. எங்கட மனுசன் சாமி கும்பிட வேணுமெண்டு எத்தினை வருசமா மன்றாடினனான். இப்ப பின்னேரமானா தானாவே சாம்பிராணி போடுறார். நாளைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப்போறன்."

நான் பருப்புப் பைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதி விடுதியில், கஞ்சா புகைத்தவர். கல்யாணத்தோடு விட்டுவிட்டார். இப்போது சட்டம் அனுமதித்துவிட்டதால், ஓய்வுபெற்ற கையோடு பல்கனியில் மறுபடி தொடங்கியிருக்கிறார். சாம்பிராணி அந்த மணத்தை மறைக்க.

அந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பெரியம்மா இவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைக்கவில்லை.

"என்ன பிள்ளை, பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை பெரியம்மா."

"அப்ப சாம்பிராணியில ரெண்டு பெட்டி எடு. அவரிட்ட இருக்கிறது முடியப்போகுது."

எடுத்துக் கொடுத்தேன்.

வழியெல்லாம் தேங்காய்ப் பை கையை அறுத்தது. வாசலில் பெரியம்மா என் தலையைத் தடவினார்.

"முதல் தேங்காய் நீதான் உடைக்க வேணும். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை."

சொல்லுங்கள், உண்மையைத் தேங்காய் உடைப்பதற்கு முன் சொல்வதா, உடைத்த பின் சொல்வதா?