முறைப்பு இல்லை, நோவு

மதுரைப் பக்கம் ஒருவரை உற்றுப் பார்த்தால் அது பார்வை இல்லை, முறைப்பு. முறைத்தவன் பதில் சொல்லியாக வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் மதுரையை ஒட்டிய கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மூட்டை ஏற்றச் சேர்ந்தபோது யாரையும் முறைக்கிற தெம்பு என்னிடம் இல்லை. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்தது. கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. அலைச்சல்தான் என்று விட்டுவிட்டேன். கண் துருத்திக்கொண்டு வந்தது எனக்கே தெரியாது. தங்கியிருந்த அறையில் கண்ணாடி இல்லை.

கூட மூட்டை தூக்கியவன் கீழக்குயில்குடிக்காரன், என்னைவிட இளையவன். ஒருநாள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"என்னண்ணே, வந்ததுல இருந்து என்னையவே முறைக்கிற?"

"நான் எங்கப்பா முறைச்சேன்? சும்மா பாக்குறேன்."

"இதுவா சும்மா? எங்க ஊரு அய்யனாரே இம்புட்டு முழிக்க மாட்டாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் அதன்பிறகும் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தான். மறுநாள் மதியம் சாக்கின்மேல் தூங்கிக்கொண்டிருந்த என்னை உலுக்கி எழுப்பினான்.

"அண்ணே, தூங்குனியா, முழிச்சிருந்தியா?"

"தூங்கிட்டுத்தான் இருந்தேன்."

"கண்ணு மூடவே இல்லண்ணே. செத்துட்டியோன்னு பயந்துட்டேன். கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கண் டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லி, மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினார். வலது கண்ணுக்கு நல்ல சிவப்பு. இடது கண்ணுக்கு அதே மூடி வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிந்தது. தைராய்டு கோளாறோடு வருகிற நோய் என்றார். கண்ணுக்குப் பின்னால் சதை வீங்கி முழியை வெளியே தள்ளுகிறதாம். இடது கண்ணின் நரம்பையும் நெருக்குகிறது, இன்னும் தாமதித்தால் பார்வை போய்விடும் என்றார்.

"பீடி குடிப்பீங்களா?"

"எப்பவாவது ஒண்ணு..." என்றேன். "ஊதித் தள்ளுவாரு டாக்டர்" என்றான் அவன்.

"இன்னையோட விட்ருங்க. புகை இந்த நோயை முத்த வைக்கும்."

மருந்து ஏற்றப் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பிள்ளை, காய்ச்சலோடு. ஒரு கண் மட்டும் சிவந்து வெளியே தள்ளியிருந்தது. சளி முத்தி மூக்கிலிருந்து கண்ணுக்குப் பின்னால் சீழ் இறங்கிவிட்டதாம். திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப்போட்டுப் பார்த்ததாக அதன் அம்மா அழுதாள். பிள்ளைகளுக்கு இப்படிக் காய்ச்சலோடு கண் வீங்கினால் அன்றைக்கே தூக்கி வர வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். நல்லவேளையாக மருந்து கேட்டது. காய்ச்சல் விட்டதும் பிள்ளை பேசிய முதல் பேச்சு, "அம்மா, அந்த மாமா முறைக்கிறாரு."

"முறைக்கலத்தா, அவரு மூஞ்சியே அப்படித்தான்" என்றான் என்னைப் பார்க்க வந்திருந்த கீழக்குயில்குடிக்காரன்.

என் இடது கண் தப்பித்தது. முழி முழுசாக உள்ளே போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரவாயில்லை. அன்று அவன் சண்டைக்கு வந்திராவிட்டால் என் முகத்தை அவ்வளவு நேரம் யார் பார்த்திருப்பார்கள்? மாசாமாசம் ரத்தம் சோதிக்க வேண்டும் என்பதால் மதுரையை விட்டு நான் இன்னும் கிளம்பவில்லை. கிளம்பத் தோன்றவும் இல்லை.