மச்சானை மேலிருந்து எடு

ஜெயசித்ரா என் பொண்டாட்டி என்பதால் அளந்துவிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாகூர்ப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் வீடியோவுக்கு முதலில் கூப்பிடுவது அவளைத்தான். அதற்குக் காரணம் அவளுடைய உயரம். சரியாகச் சொன்னால், உயரம் இல்லாதது.

நான் நெட்டை. சோரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் நான் உள்ளே போன நாள் குறைவு. நான் கேமரா தூக்கிய காலத்தில் மாப்பிள்ளைகளெல்லாம் வழுக்கையோடும் மாமியார்களெல்லாம் கழுத்தே இல்லாமலும் படத்தில் விழுந்தார்கள். "பிரிட்டோ அண்ணே, எங் கல்யாண கேசட்டுல என் தலச்சுழி மட்டும்தான் தெரியுது, மூஞ்சி எங்க?" என்று ஒருத்தன் வீட்டுக்கே வந்துவிட்டான். பென் டிரைவில் கொடுத்ததைத்தான் கேசட் என்றான். அன்றைக்கு ஜெயசித்ரா என் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

அவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். கூட்டத்தில் நின்றால் முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அதனால் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய்க் குந்திவிடுவாள். குந்தியபடியே அண்ணாந்து எடுப்பாள். அப்படி எடுத்ததில் ஊரே வளர்ந்துவிட்டது. கரும்பு வெட்டப் போகிறவர் மேடையேறி மாப்பிள்ளைக்கு மாலை போடுவார். படத்தில் பார்த்தால் எதற்கோ அடிக்கல் நாட்ட வந்த மந்திரி மாதிரி இருப்பார். மறுவாரமே அவருடைய மச்சினி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்கு போன் வரும்.

அவளுடைய அம்மா தனக்கொடி நடவுக்குப் போனவர். சேற்றில் குனிந்து நிற்கிறவரை வரப்பிலிருந்து எல்லோரும் மேலாகத்தான் பார்த்திருக்கிறார்கள். கேமரா கைக்கு வந்ததும் ஜெயசித்ரா செய்த முதல் வேலை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியது. அம்மா நாற்றுமுடியோடு நிமிர்ந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து எடுத்தாள். அந்தப் படத்தில் என் மாமியார் பின்னால் இருக்கும் தென்னைமரத்தைவிட உயரம். எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அது மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், "இது நான் இல்லப்பா, யாரோ பெரிய ஆளு," என்று சொல்லிவிட்டு, அவர்கள் "நீதான், நீதான்" என்று சொல்லும்வரை மாமியார் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

அந்த ஒரு கோணம்தான் அவளுக்குத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது மற்ற வீடியோக்காரர்கள் அழுகிற மூஞ்சியில் கேமராவைக் கொண்டுபோய் ஒட்டுவார்கள். இவள் தூரப் போய்விடுவாள். கார் கிளம்பிய பிறகு, காலி நாற்காலிகளுக்கு நடுவில் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் அப்பாவை மண்டபத்தின் கடைசி மூலையிலிருந்து எடுப்பாள். அவ்வளவு பெரிய கூடத்தில் அவ்வளவு சின்ன ஆள். அதைப் பார்த்துவிட்டு அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை. கிட்டே போய் எடுப்பதற்கு அவள் வேறு முகங்களைப் பார்த்து வைத்திருப்பாள். மேடைக்கு வரக் கூச்சப்பட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கைம்பெண்களின் முகத்தைக் கண்ணுக்கு நேராக, படம் முழுக்க நிறையும்படி எடுப்பாள். "பொண்ணு மாப்ளய ஊரே பாக்குது. இவுங்கள யாருய்யா பாக்குறது?" என்பாள். பேட்டரி தீர்ந்துவிடுமே என்று எனக்கு எரிச்சலாக வரும். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

போன தை மாதம் பாகூர் அரிகரன் மகனுக்குக் காதுகுத்து. அரிகரன் நெல்லும் கரும்புமாகப் பெரிய பயிர்க்காரர். குரலும் அதற்கேற்ற மாதிரி. மண்டபத்தில் சுவர் அகலத்துக்கு எல்.இ.டி. திரை வேண்டும், தலைக்கு மேலே சுற்றும் கிரேன் கேமரா வேண்டும், மேடையில் நடப்பது அப்போதைக்கப்போதே திரையில் தெரிய வேண்டும் என்றார். ஜெயசித்ரா கையில் ஒரு கேமரா, கிரேனில் ஒரு கேமரா, ஓரத்தில் மேசை போட்டு மிக்ஸரோடு நான். எந்தக் கேமராவின் படம் திரைக்குப் போக வேண்டுமோ அந்தப் பொத்தானை அமுக்குவது என் வேலை. எதை அமுக்க வேண்டும் என்று மைக் வழியாக என் காதில் சொல்வது அவள் வேலை. வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

முந்தின நாள் மண்டபத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அரிகரன் அவளைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, நல்லா கேட்டுக்கோ. என்ன எப்பவும் கீழேர்ந்து எடு. பேனர்ல தலைவருங்க நிப்பாங்க பாரு, அது மாரி. எம் மச்சான் வருவான். அவன மட்டும் கிரேன்ல மேலேர்ந்து எடு. கோழிக்குஞ்சு மாரி தெரியணும்."

"சரிண்ணா," என்றாள்.

மச்சான் என்றது அவர் மனைவி விஜயகுமாரியின் அண்ணன் தணிகைவேலை. ஒதியம்பட்டில் மினி வேன் ஓட்டுகிறார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தவள் வெண்ணிலாவுக்குக் காது குத்திய அன்று தணிகைவேலின் வேன் வழியில் பஞ்சர். நல்ல நேரம் போகிறது என்று அரிகரன் மண்டபம் அதிரக் கத்தி, தன் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். தணிகைவேல் சீர்த்தட்டோடு ஓடி வந்தபோது குழந்தை காதில் கம்மலோடு அழுதுகொண்டிருந்தது. தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர், அப்புறம் தங்கை வீட்டுப் படியேறவில்லை. வெண்ணிலா இப்போது ஏழாவது படிக்கிறாள். தம்பி புகழ்வேந்தன் அவளுக்கு ரொம்பக் காலம் கழித்துப் பிறந்தவன்.

அரிகரன் சமையல்காரர்களைத் திட்டப் போன நேரம் பார்த்து விஜயகுமாரி வந்தார். ஜெயசித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயா, கால்ல வுழாத கொறையா கெஞ்சி எங்கண்ணன வரச் சொல்லிருக்கேன். இந்த வாட்டியும் அசிங்கப்பட்டா செத்தாகூட வரமாட்டேன்னு சொல்ட்டாரு. எனக்குப் பொறந்த வூடுன்னு இருக்கறது அவரு ஒருத்தருதான். ஊரு முன்னால அவர சின்னதா காட்டிடாதடி."

"சரிக்கா," என்றாள் அவரிடமும்.

"ரெண்டு பேருக்கும் சரின்னா எப்பிடிடி?" என்று கேட்டேன்.

"நாளைக்கிப் பாத்துக்கலாம். நீ பொத்தான ஒழுங்கா அமுக்கு."

மறுநாள் காலை அரிகரன் பட்டுவேட்டியில் மேடைமேல் ராஜா நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயசித்ரா அவர் காலடியில் குந்தி, சொன்னபடியே கீழேயிருந்து எடுத்தாள். நான் பொத்தானை அமுக்கினேன். சுவர் அகலத் திரை முழுக்க அவருடைய இரண்டு மூக்குத் துவாரங்கள். பின்னால் வெறும் சீலிங் ஃபேன். பந்திக்குக் காத்திருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். ஊர் சந்தோஷப்படுகிறது என்று நினைத்து அவர் தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கினார். பேனரில் இருக்கிறவர்களை நிற்க வைத்துத் தூரத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கும் சிரிப்பாக இருந்தது.

வாசலில் மேளம் கேட்டது. தணிகைவேல் தலையில் சீர்த்தட்டோடு வந்தார். வாசல்படியில் பெண்கள் தட்டை வாங்கி ஆலம் சுற்றினார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கிரேன் கேமரா வாசலுக்கு வெளியே நீண்டு அவர் தலைக்கு மேலே போய் நின்றது. "கிரேனப் போடு," என்றாள் ஜெயசித்ரா, அமுக்கினேன். திரையில் அவருடைய வழுக்கை, வேர்வையோடு பளபளவென்று. அரிகரனின் பங்காளிகள் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. விஜயகுமாரி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். தணிகைவேலும் திரையைப் பார்த்துவிட்டார். அவருடைய கால் நின்றுவிட்டது.

"கிரேன்காரர இன்னும் மேல ஏத்தச் சொல்லு," என்றாள் ஜெயசித்ரா என் காதில். "நல்லா மேல. கூரை ஒசரம் வரைக்கும்."

கேமரா ஏறியது. வழுக்கை சின்னதானது. பின்னால் ஒரு தட்டு தெரிந்தது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒரு வரிசை. வாழைப்பழம், வளையல், பட்டு, அதிரசம், பொடியனுக்கு ஒரு மூணு சக்கர சைக்கிள். ஒதியம்பட்டிலிருந்து வேன் வேனாக ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறார் மனிதர். தரையில் நின்று பார்த்தவர்களுக்கு முன்வரிசை மட்டும்தான் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் வரிசை வாசலைத் தாண்டி, மண்டபத்துச் சுவரைத் தாண்டி, ரோட்டில் வளைந்து போய்க்கொண்டே இருந்தது. அத்தனைக்கும் முன்னால் அந்த ஒற்றை ஆள். சிரிப்பு நின்று, யாரோ விசில் அடித்தார்கள். பிறகு எல்லோரும் அடித்தார்கள். தணிகைவேல் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அரிகரன் முகம் கறுத்துவிட்டது. ஜெயசித்ராவை முறைத்தார். அவர்தானே மேலிருந்து எடுக்கச் சொன்னார், அவள் என்ன செய்வாள்?

பாய் விரித்து, தணிகைவேல் சம்மணம் போட்டு உட்கார, புகழ்வேந்தனை அவர் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பொடியன் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் அடங்கிவிட்டது. தணிகைவேல் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆச்சிடா ராஜா, ஆச்சிடா," என்று அவனைவிடச் சத்தமாக அழுதார்.

பக்கத்தில் நின்ற வெண்ணிலா தன் காதைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். "எனக்குத்தான் மாமா மடி கெடைக்கல. இவனுக்காவது கெடைச்சிச்சே."

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஜெயசித்ராவின் கேமரா மைக் கிட்டே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஜெயசித்ரா அந்தப் பெண்ணையும் எடுக்கவில்லை, மாமனையும் எடுக்கவில்லை. குந்தியிருந்தவள் எழுந்தாள். அரிகரன் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். அவள் நாற்காலியில் ஏறிப் படமெடுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கீழேயிருந்தும் இல்லை, மேலேயிருந்தும் இல்லை. அரிகரனின் கண்ணுக்கு நேராக.

"போடுய்யா," என்றாள்.

என் மிக்ஸரில் அந்தப் படம் தெரிந்தது. எனக்குக் கை வரவில்லை. "வேணான்டி. ஆளு நம்மள வச்சிச் செஞ்சிடுவாரு."

"போடு."

அமுக்கினேன். சுவர் முழுக்க அரிகரனின் முகம். அவருக்கு உதடு துடித்துக்கொண்டிருந்தது. மூக்கைத் தூக்கிய ஆள் அதில் இல்லை. மகள் சின்ன வயதில் அழுததை இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிற ஒரு அப்பன் இருந்தார். கண்ணீர் மீசைக்கு வந்ததும்தான் அவருக்கே தெரிந்தது. திரையைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவர் நாலு எட்டில் போய், பாயில் மச்சானுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அன்னிக்கி நான் கொஞ்சம் பொறுத்திருக்கணும் மச்சான்."

"வுடு மாப்ள. பஞ்சரானது என் வண்டிதான?" என்றார் தணிகைவேல், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

விஜயகுமாரி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. ஆசாரி மட்டும் ஊசியோடு தவித்தார். "இன்னும் ஒரு காது பாக்கி கீதுங்க. நல்ல நேரம் போவுது."

"போனா போவட்டும்," என்றார் அரிகரன். "அவரு மொதல்ல புள்ளய கொஞ்சட்டும்."

எல்லாம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது அரிகரன் வந்தார். குரல் பழையபடி ஆகியிருந்தது. "அந்த அழுமூஞ்சிய எடுத்துடு. பென் டிரைவ்ல அது வரக்கூடாது." சரிண்ணா என்றாள். அப்படியே அதை எடுத்துவிட்டுக் கொடுத்தோம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிகரனிடமிருந்து போன் வந்தது. ஜெயசித்ரா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் தணிகைவேலின் சிரிப்புச் சத்தமும், வீட்டுக்குள் மூணு சக்கர சைக்கிள் எதிலோ இடிக்கிற சத்தமும் கேட்டன.

"இன்னாம்மா இது? முழுசா பாத்துட்டோம். எவனோ ஒருத்தன் மூக்கத் தூக்கினு ஒக்காந்துனு கீறான். நான் எங்க?"

"நீங்கதான்ணா அத எடுத்துடச் சொன்னீங்க."

"சொன்னேன். எங்க அது, அழிச்சிட்டியா?"

"அழிக்கலண்ணா. இருக்கு." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "எங்க சேக்கட்டும்?"

வெண்ணிலா ஏதோ கேட்பதும், அவர் அவளுக்குத் தாழ்ந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டது.

"மொதல்லயே போடு," என்றார். "அந்த மூக்குக்காரன் வர்றதுக்கு முன்னால நான் வந்துடறேன்."